நெடிய இசைக்குப் பழகிய செவி: மேனாட்டு முற்போக்கு றொக்கும் ஈழத்தில் வளர்ந்த வயலினும்

கல்லூரி மலர்களில் இசையைப் பற்றி எழுதப் புகுவோர் பண்ணும் பதிகமும், கீர்த்தனையும் கச்சேரியும் பற்றியே எழுதுதல் மரபு. இவ்விழா மலரில் நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அவற்றினின்றும் வேறானதாகத் தோன்றும். 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே தோன்றி, 1970களில் உலகெங்கும் பரவிய 'முற்போக்கு றொக்' என்னும் இசை வகையையும், அவ்வகையிற் பிறவற்றுக்கு வழிகாட்டியாய் நின்ற இசைத்தட்டுக்களையுமே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 'அவ்விரைச்சலுக்கும் இந்துக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு?' எனப் பழைய மாணவருட் சிலர் வினவுதல் கூடும். 'நமது இசை பழையது, மெல்ல நடப்பது. புதுமையெல்லாம் மேனாட்டாரிடமே உண்டு' என இளைய மாணவருட் சிலர் எண்ணுதலும் கூடும். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைத்தட்டின் அளவு

ஒரு கலை எவ்வடிவை எடுக்கும் என்பதை அதனைத் தாங்கும் கருவியும் ஓரளவு தீர்மானிக்கின்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிட இசையையே தாங்கவல்லதாயிருந்தது. ஆதலின் மேனாட்டு மெல்லிசைப் பாட்டு மூன்று நிமிட அளவிலே நிலைபெற்றது. நம்மவர் இசையும் அக்கட்டுக்குத் தப்பவில்லை. அரைமணி நேரம் விரித்துப் பாடத்தக்க கீர்த்தனைகளைப் பெரும் வித்துவான்களும் அத்தட்டுக்களுக்காகச் சுருக்கிப் பாட வேண்டியதாயிற்று.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட இசையைத் தாங்கியது. எனினும் றொக் இசைக் குழுவினர் நெடுங்காலம் அதனைத் தனித்தனிக் குறும்பாடல்களின் தொகுதியாகவே பயன்படுத்தி வந்தனர். 1967இல் பீற்றில்ஸ் குழுவின் 'சார்ஜன்ற் பெப்பர்ஸ்' தட்டும், மூடி புளூஸ் குழு வாத்தியக் குழாமொன்றுடன் இணைந்து, ஒரு நாளின் பொழுதுகளை வைகறை முதல் இரவு வரை முறையாக இசைத்த 'டேய்ஸ் ஒவ் ஃபியூச்சர் பாஸ்ட்' தட்டும் வெளிவந்தன. முழுத் தட்டையும் ஒரே ஆக்கமாகக் கருதலாம் என்னும் எண்ணம் அவற்றால் வலுப்பெற்றது. மின்கித்தார், அடிநாதக் கித்தார், மேளத் தொகுதி ஆகியவற்றைக் கொண்ட றொக் இசை, குறும்பாட்டின் எல்லையைக் கடந்து நெடிய ஆக்கங்களை இயற்ற முற்பட்டபோது தோன்றியதே முற்போக்கு றொக் ஆகும்.

வழிகாட்டிய தட்டுக்கள்

இவ்வகையின் தொடக்கமாகப் பலரும் கொள்வது, 1969 ஒக்ரோபரில் வெளிவந்த கிங் கிறிம்சன் குழுவின் முதல் தட்டாகும். 'செந்நிற மன்னனின் அவையில்' எனப் பொருள்படும் தலைப்பையுடைய அத்தட்டில் ஐந்து ஆக்கங்களே உள்ளன. றொபேட் ஃபிறிப் என்பாரின் கித்தாரோடு, வாத்தியங்களின் ஒலியை நாடாவிற் பதித்து விசைப்பலகையால் எழுப்பும் 'மெலோற்றோன்' என்னும் கருவியும் அதிற் பெரும்பங்கு கொண்டது. முரட்டு ஓசையும் மென்மையான சாயலும் ஒரே தட்டில் ஒன்றையொன்று எதிர்நின்று பேசுவதை அதிலே கேட்கலாம்.

1971இல் எமர்சன், லேக், பாமர் ஆகிய மூவர் குழு, உருசிய இசைப் புலவர் முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கென இயற்றிய 'கண்காட்சிச் சித்திரங்கள்' என்னும் ஆக்கத்தை மின்வாத்தியங்களில் மேடையேற்றித் தட்டாக வெளியிட்டது. 1972இல் ஜெத்றோ டல் குழு 'திக் அஸ் எ பிறிக்' என்னும் தட்டை வெளியிட்டது. அதன் இரு பக்கங்களிலும் உள்ளது ஒரே பாட்டு. தட்டின் உறையோ ஒரு சிற்றூர்ச் செய்தித்தாளைப் போல அச்சிடப்பட்டிருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த யெஸ் குழுவின் 'குளோஸ் ரு த எட்ஜ்' தட்டில் மூன்றே ஆக்கங்கள் உள்ளன; முதலாவது ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பி 18 நிமிடத்துக்கு மேல் நீள்கின்றது. ஜெனிசிஸ் குழுவின் 'ஃபொக்ஸ்றொற்' தட்டும் அவ்வாண்டினதே. அதிலுள்ள 'சப்பேர்ஸ் றெடி' ஏழு பகுதிகளாய் ஏறத்தாழ 23 நிமிடம் நடைபெறுவது.

இவையனைத்திலும் மக்களிடையே மிகப் பரவியது, பிங்க் புளொயிட் குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட 'நிலவின் இருண்ட பக்கம்' என்னும் தட்டாகும். இதயத் துடிப்பின் ஓசையோடு தொடங்கி இதயத் துடிப்போடே முடியும் அத்தட்டு, காலத்தின் கழிவு, பொருளாசை, மரணம், மனநோய் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டது. அக்குழுவை முன்னின்று தொடங்கியவருள் ஒருவரான சிட் பறெற் மனநலங்குன்றிக் குழுவினின்றும் நீங்க நேர்ந்த துயரம் அதன் பின்னணியில் இருந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 700 வாரங்களுக்கு மேல் இடம்பெற்றது. நெடிய ஆக்கத்தைப் பொதுமக்கள் பொறுமையோடு கேளார் என்னும் கூற்று அதனாற் பொய்யாயிற்று.

தாளக் கணக்கு: ஒரு சிறு பாடம்

இத்தட்டுக்களை முதன்முறை கேட்போர் தடுமாறும் இடம் தாளமேயாகும். பொதுவான மெல்லிசை நான்கு நான்காக எண்ணத்தக்கது. முற்போக்குக் குழுவினரோ ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்ணிக்கைகளை விரும்பிக் கையாண்டனர். மேனாட்டுத் திறனாய்வாளர் இதனைப் பெரும் புதுமையாக வியந்தனர். நமது மாணவர் வியக்க வேண்டுவதில்லை. கையாற் போட்டுப் பார்த்தாற் போதும்.

'நிலவின் இருண்ட பக்கம்' தட்டில் 'மணி' என்னும் பாட்டு உண்டு. ஆங்கிலத்திற் பணத்தைக் குறிக்கும் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்ட அப்பாட்டு, காசுகள் குலுங்கும் ஓசையும் கல்லாப்பெட்டியின் ஓசையும் ஏழெண்ணிக்கைச் சுழற்சியாய் வரத் தொடங்குகின்றது. 'தகிட தகதிமி' என மூன்றும் நான்குமாகச் சொல்லிக்கொண்டே கேட்டால், மிச்ர சாபுவிற் பழகிய கை அதனோடு இயல்பாகப் பொருந்தும். இடையிலே கித்தார் தனித்து ஒலிக்கும் பகுதி நாலெண்ணிக்கைக்கு மாறுவதையும் கை உடனே உணரும். ஜெத்றோ டல் குழு 1969இல் வெளியிட்ட 'லிவிங் இன் த பாஸ்ட்' ஐந்தெண்ணிக்கையில் அமைந்தது. கண்ட நடையிற் பழகியோர்க்கு அது புதிதன்று. 'சப்பேர்ஸ் றெடி'யின் ஒரு பகுதி ஒன்பதெண்ணிக்கையில் நடைபெறுவது. 'தகிட தக தகதிமி' என மூன்றும் இரண்டும் நான்குமாய் அடிநாதம் சுழன்று வர, விசைப்பலகை அதன் கட்டுக்கு அடங்காதது போல மேலே உலாவித் திரும்புகின்றது. சங்கீர்ண நடையிலே தனியாவர்த்தனம் கேட்டவர்க்கு அம்முறை விளங்காதிராது.

ஒப்புமை காட்டும்போது வேற்றுமையை மறைத்தல் ஆராய்ச்சி நெறியன்று. நமது இசை இராகத்தின் வழி ஒற்றை இழையாக விரிவது. அவர்களது இசை பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்து அடுக்கடுக்காக எழுவது. நமது வித்துவான் மேடையிலேயே கற்பனையால் விரிக்கின்றார். அவர்களோ பெரும்பாலும் முன்னரே இயற்றி ஒத்திகை பார்த்தவற்றை ஒலிப்பதிவுக் கூடத்திற் கட்டியமைக்கின்றனர். எனவே இரண்டும் ஒன்றெனக் கூறோம். நீண்ட நேரம் ஒரு பொருளைத் தொடர்ந்து செல்லும் செவி இரண்டுக்கும் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

மலைநாட்டவர் செவி

அத்தகைய செவி கச்சேரி மண்டபங்களில் மட்டுமே வளர்வதன்று. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே மகாவலியை அடுத்துள்ள எமது கெலிஓயாவைச் சூழ்ந்த மலைநாட்டையே எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்திற் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்து, பல நாள் தொடர்ந்து, இறுதி இரவில் விடியுமட்டும் ஆடப்படுவது. தப்பின் அடி மாறுவதைக் கொண்டே கதை எவ்விடத்தை அடைந்தது என்பதை உணரும் மக்கள் அங்கே கூடுகின்றனர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே நெடிய கூத்துக்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்த களைப்போடு இரவு முழுதும் ஒரே கதையைத் தொடர்ந்து கேட்கும் பொறுமையை அம்மக்கள் எந்த இசைப் பள்ளியிலும் பயின்றாரல்லர். அஃது அவர்தம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வம்.

அன்றியும், தலதா மாளிகைப் பெரகராவில் ஒலிக்கும் கண்டிய மேளங்களும் வெறும் நாலெண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டனவல்ல. இரண்டு, மூன்று, நான்கு என்னும் அளவுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கூட்டுத் தாளங்களாக அமைத்தல் சிங்களக் கலைஞரின் மரபு. கண்டி வீதியில் நின்று பெரகராப் பார்த்த சிறுவன், மூன்றும் நான்கும் கூடிய நடையைப் பெயர் அறியாமலே செவியில் வாங்கிக்கொள்கின்றான். அவனுக்கு முற்போக்கு றொக்கின் தாளம் அந்நியமாவது எங்ஙனம்?

அடிக்குறிப்பும் குருகுலமும்

இனி, இவ்விசையின் குறையையும் கூறுதல் கடமை. 'குளோஸ் ரு த எட்ஜ்' தட்டால் உயர்ந்த யெஸ் குழு, 1973இல் 'ரேல்ஸ் ஃபுறம் ரொபோகிறஃபிக் ஓஷன்ஸ்' என்னும் இரட்டைத் தட்டை வெளியிட்டது. நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஓர் ஆக்கம். அதன் கரு நம் நாட்டவர்க்கு அறிமுகமானது. குழுவின் பாடகர் ஜோன் அன்டசன், பரமஹம்ச யோகானந்தர் எழுதிய 'ஒரு யோகியின் சுயசரிதை' என்னும் நூலைப் படித்தபோது, சாத்திரங்கள் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நால்வகைப்படும் என்பதை உணர்த்தும் அடிக்குறிப்பொன்றைக் கண்டார். அவ்வடிக்குறிப்பினின்றும் எழுந்ததே எண்பது நிமிட இசை. அதிற் சில பகுதிகள் அழகியனவாயினும், முழுமையும் அளவிறந்து நீண்டது எனத் திறனாய்வாளர் பலர் குறை கூறினர். குழுவின் விசைப்பலகைக் கலைஞர் றிக் வேக்மன் மனநிறைவின்றி 1974இல் விலகினார். 1976, 1977ஆம் ஆண்டுகளில் 'பங்க்' என்னும் குறும்பாட்டு இயக்கம் எழுந்தபோது, முற்போக்குக் குழுக்களின் நீளமும் ஆடம்பரமுமே இளைஞரின் நகைப்புக்கு இலக்காயின.

இதற்கு மாறான வழியொன்றும் அக்காலத்திலே திறந்தது. ஆங்கிலேயரான ஜோன் மக்லொக்லின், மஹாவிஷ்ணு ஓக்கெஸ்றா என்னும் குழுவை அமைத்து, 1971இலும் 1973இலும் வெளியிட்ட 'இன்னர் மவுன்ரிங் ஃபிளேம்', 'பேட்ஸ் ஒவ் ஃபயர்' ஆகிய தட்டுக்களால் உலகப் புகழ் பெற்றவர். மின்கித்தார் வாசிப்பதில் அவரை வெல்வார் அரியர் எனக் கருதப்பட்ட காலத்திலே அவர் செய்தது யாது? அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசான் எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். ஒருவர் அடிக்குறிப்பொன்றைப் படித்த ஆர்வத்தால் எண்பது நிமிடம் இயற்றினார். மற்றவர் தாம் அறியாததை அறிந்தாரிடம் சென்று அடிப்படையிலிருந்து கற்றார். ஆர்வம் இருவர்க்கும் ஒன்றே. பயன் வேறுபட்டமைக்குக் காரணம் பயிற்சியே என்பது எமது துணிபு.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற வயலின்

அதே வெஸ்லியனில் மக்லொக்லின் சந்தித்தவருள் ஒருவர் எல். சங்கர். இவரது வரலாறு ஈழத்தவராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. இவர் தந்தையார் வி. இலட்சுமிநாராயணன் வயலின் வித்துவான். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து இசை கற்பித்தவர். தாயார் சீதாலட்சுமி பாட்டும் வீணையும் வல்லவர். அவ்வீட்டிலே வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்னும் மைந்தர் மூவரும் தந்தையாரையே குருவாகக் கொண்டு பயின்றனர். 1950இற் பிறந்த சங்கர், ஏழு வயதில் ஈழத்துக் கோயிலொன்றில் முதற் கச்சேரி செய்தார்.

1958ஆம் ஆண்டின் இனக்கலவரம் அக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் இந்நாட்டை விட்டுச் சென்னைக்குச் செல்ல நேர்ந்தது. அண்ணன் வைத்தியநாதன் பின்னர்த் திரைப்படங்களுக்கும் 'மால்குடி டேய்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கும் இசையமைத்தார். சுப்பிரமணியம் மருத்துவம் கற்றும் வயலினையே வாழ்வாகக் கொண்டு உலகமெங்கும் புகழ் பெற்றார். சங்கர் 1969இல் அமெரிக்கா சென்று, 1974இல் வெஸ்லியனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கலவரங்களால் இந்நாடு இழந்தவற்றைக் கணக்கிடுவோர் வீட்டையும் கடையையும் உயிரையும் எண்ணுவர். தந்தையொருவர் மைந்தர் மூவர்க்கு வயலின் கற்பித்த ஒரு வீட்டின் ஒலி அடங்கியதை எப்பட்டியலிற் சேர்ப்பது?

மக்லொக்லினும் சங்கரும் சேர்ந்து அமைத்த குழு 'சக்தி' எனப் பெயர் பெற்றது. தபேலாவுக்குச் சாகீர் உசேனும், கடத்துக்கு விக்கு விநாயகராமும், மிருதங்கத்துக்கு ராம்நாட் வி. ராகவனும் உடனிருந்தனர். 1975 யூலை 5ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரியொன்றில் நடந்த அவர்தம் கச்சேரி 1976இல் தட்டாக வெளிவந்தது. யெஸ் குழுவின் தட்டைப் போல இதிலும் மூன்றே ஆக்கங்கள். இறுதியானது ஏறத்தாழ 29 நிமிடம் நீள்வது. மின்கித்தாரும் மேளத் தொகுதியும் இல்லாத இதனை றொக் எனப் பெயரிடல் பொருந்தாது. எனினும், முற்போக்கு றொக் தேடிய நெடிய வடிவம், நுண்ணிய தாளம், கூட்டு வாசிப்பு ஆகியவை இதிலே இறுக்கமின்றி இயல்பாக அமைந்துள்ளன. 'எ ஹான்ட்புல் ஒவ் பியூட்டி', 'நச்சுறல் எலிமன்ற்ஸ்' என மேலும் இரு தட்டுக்கள் தொடர்ந்தன.

சங்கரின் வயலின் மீண்டும் முற்போக்கு றொக்கின் உலகத்தையே சென்றடைந்தது. 1979இல் பிறாங்க் சப்பா அவருக்கெனத் தட்டொன்றைத் தயாரித்தார். ஜெனிசிஸ் குழுவின் மேளக்காரரும் பாடகருமான பில் கொலின்ஸ் 1981இல் வெளியிட்ட தமது முதல் தனித்தட்டில் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1975இல் அக்குழுவை விட்டு நீங்கிய பீற்றர் கேபிரியல் 1989இல் வெளியிட்ட 'பாஷன்' தட்டிலும் சங்கரின் இரட்டை வயலின் ஒலிக்கின்றது. இரு கழுத்தும் பத்துத் தந்தியும் உடைய அக்கருவியைக் கென் பாக்கர் என்னும் வல்லுநர் சங்கரின் கருத்துப்படி 1980இல் அமைத்துக் கொடுத்தார். பெரும் அடிநாத வயலின் முதற் சிறு வயலின் வரையுள்ள ஒலியெல்லை முழுவதையும் அஃது அடக்குவது. அவ்வாண்டிலேயே சங்கர் ஜெர்மானிய நிறுவனமொன்றுக்காக அக்கருவியில் 'ஹூஸ் ரு நோ' என்னும் தட்டைப் பதிந்தார். அதில் ஒரு பக்கம் முழுவதும் நிரம்பியிருப்பது யாது? இராகம், தானம், பல்லவி! மேனாட்டார் நெடுங்கதை சொல்லக் கண்டெடுத்த தட்டின் பக்கம், நம்மவர் பல்லவிக்கும் அளவாகவே அமைந்திருந்தது.

நாம் செய்யத்தக்கது

இவ்வழி இன்றும் தொடர்கின்றது. இளையராஜா தியாகராசரையும் பாக்கையும் ஒருங்கே வணங்கி 1986இல் 'ஹௌ ரு நேம் இற்' தட்டை வெளியிட்டார். பெங்களூரின் 'அகம்' குழு கருநாடக இசையையும் முற்போக்கு றொக்கையும் இணைத்து வாசிக்கின்றது. மக்லொக்லினும் சாகீர் உசேனும், விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன், வயலின் கலைஞர் கணேஷ் இராஜகோபாலன் ஆகியோரோடு 2023இல் வெளியிட்ட சக்தித் தட்டு 2024இல் கிராமி விருது பெற்றது. சாகீர் உசேன் அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார்.

பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் இதுவே: உங்கள் மக்கள் கேட்கும் இசையை வாயிலில் நின்று கடிந்துகொள்ளாது, ஒருமுறை உடனிருந்து தாளம் போட்டுக் கேளுங்கள். மாணவர்க்குக் கூறுவது: மேனாட்டுத் தட்டைக் கேட்பது தவறன்று. ஆயின் அதன் ஏழெண்ணிக்கையை வியந்து, கோயில் மேளத்தின் ஏழெண்ணிக்கையைக் கேளாது கடந்து செல்லாதீர்கள். ஆசிரியர்க்கும் கல்லூரிச் சங்கங்களுக்கும் ஒரு கருத்து: மாதத்தில் ஒரு மாலை, நெடுந்தட்டின் ஒரு பக்கமும், அதே அளவினதாகிய ஒரு பல்லவியும் அடுத்தடுத்துக் கேட்கப்படுமாறு ஒழுங்கு செய்யலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை; இருபது இருபது நிமிடம் பேசாதிருக்கும் பொறுமையே வேண்டும்.

யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒரு சிறுவன் முறையாகக் கற்றான். அக்கல்வியே பின்னர் உலகத்து மேடைகளில் அவனுக்கு இடம் தேடிக்கொடுத்தது. எப்பிள்ளையின் கையில் எவ்வழி திறக்கும் என்பதை நாம் முன்னறிய இயலாது. கற்பிக்கும் வீடும், கற்கும் பிள்ளையும், அவ்விருவரும் அச்சமின்றி வாழும் ஊரும் இருத்தல் வேண்டும் என்பது மட்டும் உறுதி. அவற்றைக் காத்தல் கல்லூரிகளுக்கும் அவற்றிற் பயின்றோர்க்கும் உரிய கடனாகும்.